பெங்களூரில் திறந்த கதவு

பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவு வெளியாகும் வாரத்தில், வெளி மாநிலங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. மகள் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள்; விஞ்ஞானம் பயில விரும்புகிறாள். "ஆய்வுக்கூடம் என்றால் இரவில் நேரங்கழித்து வரவேண்டியிருக்குமே!" என்கிறார் பாட்டி. தந்தையார் மௌனமாகி விடுகிறார்.

இதே இரவு, 1933-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வேறொரு வடிவில் பேசப்பட்டது. இந்தூரில் 1911-இல் பிறந்த கமலா பாகவத், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தை முதன்மைப் பாடமாகப் பயின்று முதலிடம் பெற்றவர். தந்தையும் சிறிய தந்தையும் அதே கழகத்தில் பயின்ற ரசாயன அறிஞர்கள். ஆகவே, தமக்கும் இடம் கிடைக்கும் என்று அவர் நம்பியது இயல்பே. ஆனால் இயக்குநர் சர் சி. வி. ராமன், பெண் என்ற ஒரே காரணத்தால் மறுத்துவிட்டார். கமலா ஊர் திரும்பவில்லை; காந்தியடிகள் காட்டிய சத்தியாக்கிரக வழியில் உறுதியாக நின்று நேரில் வாதாடினார்.

இடம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. முதல் ஓராண்டு முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். வழிகாட்டி பணித்தால் இரவிலும் உழைக்கவேண்டும். ஆண் மாணவரின் கவனம் சிதற இடந்தரலாகாது. அரசாங்க விதிகளை நாள்தோறும் மொழிபெயர்க்கும் எனக்கு நிபந்தனைகள் புதியவை அல்ல. 'தகுதிகாண் பருவம்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால், பிறர் கவனம் சிதறுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கும் விதியை நான் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

ராமன் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1930-இல் நோபெல் பரிசு பெற்றவர். நம் பிள்ளைகளுக்கு நாம் பெருமையோடு கூறும் பெயர். அப்பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. எனினும், இந்தப் பகுதியை மறைத்துக் கதை சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணை ஏமாற்றியவர்களாவோம்.

சீனிவாசய்யா என்னும் ஆசிரியரின்கீழ், பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களைக் கமலா ஆராய்ந்தார். ஓராண்டு கழிந்ததும் ராமன் மனநிறைவு கொண்டார். பிற பெண்களுக்கும் கழகத்தின் கதவு திறந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் சென்ற கமலா, தாவர உயிரணுக்களில் சைட்டோகுரோம்-சி என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்து 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வேடு சுமார் 40 பக்கமே! திருமணத்துக்குப்பின் கமலா சோஹோனி எனப்பட்ட அவர், குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். பம்பாயில், 'நீரா' என அங்கு வழங்கும் பதநீரின் ஊட்டத்தை ஆராய்ந்தார். ராமன் பெரும் விஞ்ஞானியே. ஆயினும் தம்மை நடத்திய விதத்தை மறக்க இயலாது என்று முதுமையிலும் கூறினார்.

திறந்த அக்கதவின் வழியே 1940-இல் நுழைந்தவர் அன்னா மாணி. திருவிதாங்கூர் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். அவர் குடும்பத்தில் ஆண் பிள்ளைகளை உத்தியோகத்துக்கும் பெண்களைத் திருமணத்துக்கும் ஆயத்தம் செய்வது வழக்கம். எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு அளித்தபோது, அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர் அவர். வைரத்தை மறுத்த அச்சிறுமியே ராமனின் ஆய்வுக்கூடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் ஒளியியல்பை ஆராய்ந்தார். ஒரு படத்தகட்டில் ஒளி பதிய 15 முதல் 20 மணிநேரம் ஆகும். ஆதலால் இரவுகளை அவர் அங்கேயே கழித்தார்.

1945-இல் ஆய்வேட்டை அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர மறுத்தது. அவர் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்றார். 1948-இல் திரும்பி, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-இல் ஓய்வு பெற்றார். பட்டம் பெறாத அவ்வேடு, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளின் நடுவே இடம் பெற்றது.