ரஞ்சன்குடியில் கும்பினிப் படை

ரஞ்சன்குடி பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஜாகிர்தார் ஒருவர் கட்டியதென்பது வழக்கு. நவாப் பதவியே அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் தோன்றியது என்பதால் இக்கணிப்பைத் தளர்வாகவே கொள்ள வேண்டும். ஆங்கிலேயப் பதிவுகளில் 'வால்கொண்டா' என வருவது அருகிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயர். ஆனால் அவை வருணிக்கும் பாறையும் மூன்றடுக்கு மதிலும் ரஞ்சன்குடிக்கே பொருந்துகின்றன.

கோட்டையின் பெயர் உலக வரலாற்றில் ஏறியது 1751-இல். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினர். முன்னவருக்கு ஆங்கிலக் கும்பினியும் (கிழக்கிந்திய கம்பெனி) பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர்களும் துணை. திருச்சியில் இருந்த முகமது அலிக்கு உதவப் புறப்பட்ட 'இங்கிலீஷ்' படையின் கணக்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தருகிறார்: ஐரோப்பியர் 500, காப்பிரிகள் 100, சிப்பாய்கள் 1,000, பீரங்கிகள் 8. தலைமை தாங்கிய கேப்டன் ஜிஞ்சன் சுவிட்சர்லாந்துக்காரர். ராபர்ட் கிளைவ் அப்போது படைக்கு உணவுப்பொருள் சேகரிக்கும் பொறுப்பில் இருந்தார். காப்பிரிகள் எனப்பட்டோர் ஆப்பிரிக்கர்; மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். (இன்று இச்சொல் இழிவாகக் கருதப்படுகிறது; ஆயினும் இலங்கையில் புத்தளம் அருகே வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் இப்பெயராலேயே அறியப்படுகின்றனர்.)

கோட்டையின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் சுமார் இரண்டு வாரம் பேசியே கடத்தினார். யார் வெல்வார் எனத் தெரியாத காலத்தில் வேறென்ன செய்வது? பொறுமையிழந்த ஜிஞ்சன் கோட்டையை ஒட்டிய குடியிருப்பான பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார். கற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கில்லேதார் சந்தா சாகிபுக்கு ஆள் அனுப்பினார். பிரெஞ்சுப் படை நெருங்கியதும் கும்பினியின் ஐரோப்பியப் பட்டாளம் கிலி பிடித்து ஓடியது. ஜிஞ்சன், டால்டன், கில்பாட்ரிக், கிளைவ் ஆகிய அதிகாரிகள் மறித்தும் பயனில்லை. காப்பிரிகள் மட்டும் சற்று நேரம் நின்று பொருதி, ஒழுங்கு குலையாமல், இறந்தோரையும் காயம்பட்டோரையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினர் என்கிறார் ஓர்ம். முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் கான் ஐரோப்பியரிடம் குதிரையில் வந்து, காப்பிரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஏசியதாகவும் எழுதுகிறார். அந்த நூறு பேரில் ஒருவர் பெயரையும் அவர் குறிக்கவில்லை. படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சி சேர்ந்தது.

ஓர்ம் 1728-இல் திருவிதாங்கூர்க் கரையிலுள்ள அஞ்சுதெங்கில் பிறந்தவர். 1763-இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பில் 'பிரிட்டிஷ் தேசம்' இருக்கிறது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் 'இங்கிலீஷ்' படைதான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1707-இல் ஒன்றாகி அப்போது ஐம்பத்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. இது தேசிய உணர்வின் தடுமாற்றமா, வெறும் எழுத்துப் பழக்கமா என்பதில் ஒருமித்த முடிவுக்கு இடமில்லை.

இப்போரில் ஆங்கிலேயர் வென்றதாகச் சில சுற்றுலாக் குறிப்புகள் கூறுகின்றன. இது அடுத்த ஆண்டு நிகழ்வோடு கலந்த செய்தியாக இருக்கலாம். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் சிக்கிய பிரெஞ்சுப் படைக்கு உதவப் போன பிரெஞ்சுத் தளபதி டொத்தேய் இதே கோட்டையில் ஒதுங்க முயல, கில்லேதார் இம்முறை அவருக்குக் கதவைச் சாத்தினார். டொத்தேய் கிளைவிடம் சரணடைந்தார். பிரெஞ்சுப் படையிலிருந்த ஆங்கில ஓடுகாலிகளுக்கு மன்னிப்பு வழங்குவதும் சரண் நிபந்தனைகளில் ஒன்று. அத்தகையோர் நாற்பது பேர், சில வாரங்களுக்கு முன்பு, இதே சாலையின் தெற்கிலுள்ள சமயபுரத்தில் கிளைவின் காவலர்களை ஆங்கிலம் பேசியே ஏமாற்றி முகாமுக்குள் நுழைந்திருந்தனர். இரு தரப்பு நாட்காட்டிகளுக்கும் அப்போது 11 நாள் வித்தியாசம் இருந்ததால், இந்நிகழ்வுகளின் தேதிகள் நூலுக்கு நூல் மாறும்.

'இங்கிலீஷ்' படையில் வேற்று நாட்டார் சேர்வது தொடர்ந்தது. 1751-க்குப் பின் கும்பினி சுவிஸ் படைப்பிரிவுகளையே தனியாகத் திரட்டியது. 1780-களில் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து இரண்டு ரெஜிமெண்டுகள் சென்னை வந்தன. இலங்கையில் ஒல்லாந்தரிடம் ஊழியம் பார்த்த சுவிஸ் டி மெரோன் ரெஜிமெண்ட் 1795-இல் பிரிட்டன் பக்கம் மாறி, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டது.

ரஞ்சன்குடியில் ஓடிய ஐரோப்பியப் பட்டாளத்தின் மரபில் வந்தது மதராஸ் பியூசிலியர்ஸ். 1881-இல் அது ராயல் டப்ளின் பியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆகி, அயர்லாந்துப் படையாகவே அறியப்பட்டது. அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து பிரிந்த 1922-இல் கலைக்கப்பட்டது.

கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஊர் 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.