நோய் தீர்க்கும் முழக்கம்

அரிமளம் முதலிய புதுக்கோட்டைச் சீமையின் ஊர்களில் கோடாங்கியின் உடுக்கை ஒலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இசைக்கும் பிணிக்கும் உள்ள உறவை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புண்பட்ட வீரனைச் சூழ்ந்து யாழ் மீட்டி, ஆம்பல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடிய மகளிரைப் புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டுகிறார். புலி பாய்ந்த கணவன்மாரின் மார்புப்புண் ஆறப் பாடிய குறமகளிரை மலைபடுகடாத்தில் காண்கிறோம். பண்ணால் புண்ணாற்றும் அவ்வழக்கம் நம்மிடம் ஏட்டளவில் நின்றுவிட்டது.

கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த ஆப்பிரிக்க மக்களிடமோ அதை ஒத்த வழக்கம் உயிரோடு இருக்கிறது. குஜராத்தின் பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில், குன்றின்மேல் பாவா கோர் அவர்களின் தர்கா உள்ளது. அபிசீனியாவிலிருந்து வந்து அக்கீக் கல் வாணிபத்தை வளர்த்தவர் அவர் என்பது மரபுச் செய்தி. அவர்தம் சகோதரி மாய் மிஸ்ராவும் அங்கே போற்றப்படுகிறார். தர்காவின் பணியாளர்கள் சித்திகள். அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆவி பற்றியதாக அஞ்சி வருவோர்க்கு இத்தர்கா புகலிடம்.

அங்கே முழங்கும் ஆட்டமும் பாட்டும் 'கோமா' எனப்படும். நினைவிழந்த நிலையைக் குறிக்க மருத்துவர் வழங்கும் சொல் அன்று இது! பாந்து மொழிகளில் 'ங்கோமா' என்றால் முரசு. முரசு முழக்கி நடத்தும் ஆட்டத்திற்கும் பிணிநீக்கும் சடங்கிற்கும் அதுவே பெயர். முகர்மான் என்னும் உயர்ந்த முரசு, மலுங்கா என்னும் ஒற்றை நரம்பு வில், தேங்காய் ஓட்டினாலான கிலுக்கை ஆகியவை இவர்தம் கருவிகள். கிலுக்கைக்கு மாய் மிஸ்ரா என்றே பெயர். தாய்மொழியை மறந்து குஜராத்தி பேசும் மக்கள், முரசின் பெயரை மட்டும் இழக்கவில்லை. வரலாற்று மாணவனுக்கு இதனினும் பெரிய ஆவணம் வேண்டுமோ?

இம்முழக்கம் எவ்வாறு நோய் தீர்க்கிறது? 1950களில் சாம்பியாவின் நிடெம்பு மக்களிடையே தங்கி ஆராய்ந்த விக்டர் டர்னர், 1968இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்க முயன்றார். அவர் கண்டதில் ஒன்று குறிப்பிடத்தக்கது. முரசு முழங்கும் அவையில், பிணியாளன்மீது உறவினர் கொண்டிருந்த மனத்தாங்கல்கள் வாய்விட்டுச் சொல்லப்படும். நோயாளியோடு ஊரின் பகையும் மருந்துண்ணும். மொராக்கோவின் கினாவா மக்கள் விடிய விடிய இசைத்து நடத்தும் பிணிநீக்கச் சடங்கும் இவ்வினத்ததே. அவ்விசை 2019இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது.

மேளத்தை மார்க்கம் ஏற்குமா என்று வினவுவோர் உண்டு. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற யான் முற்படேன். ஆயினும் காய்ச்சலுக்கு மருத்துவரையே நாட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்று சித்திகளின் கோமா அயல்நாட்டு மேடைகளிலும் ஏறிவிட்டது. அங்கே கைதட்டுவோர் காண்பது துள்ளலையும் தேங்காயைத் தலையால் உடைக்கும் வித்தையையும்தான். ரத்தன்பூரில் அம்முரசின்முன் அமர்ந்திருப்பவரோ, பல வாயில்களில் கைவிடப்பட்டு வந்த பிணியாளர்.