காஞ்சிரையும் தேற்றாவும்

ஆலகால நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தி உலகைக் காத்த பெருமான் திருகோணமலையில் கோணேசராய் எழுந்தருளியுள்ளான். அவன் மலைக்கு எதிரே, கொட்டியாரக்குடாவைச் சூழ்ந்த உலர்வலயக் காட்டிலும் நஞ்சு உண்டு. அதுவே காஞ்சிரை. தமிழகத்தார் இதனை எட்டி என்பர்.

செம்மஞ்சள் நிறமாய் உருண்டு பழுக்கும் அதன் கனி காண்போர் கண்ணைக் கவரும். உள்ளே வழுவழுப்பான கூழும், காசு போலத் தட்டையான விதைகளும் இருக்கும். அவ்விதையிலேதான் நஞ்சு மிகுதி. ஈயாதவனுடைய செல்வத்துக்கு எட்டிக்கனியை உவமை கூறுவது நம்மவர் பழமொழி. ஆயினும் இருவாய்க்குருவிக்கு அப்பழத்தின் கூழ் உணவாகின்றது.

1640ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் மருந்துக் கடைகளில் இவ்விதை விற்கப்பட்டது. பெரும்பாலும் நாய் முதலியவற்றைக் கொல்லவே வாங்கினர். 1818இல் பெல்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவ்வினத்து விதைகளிலிருந்து ஸ்ட்ரிக்னீன் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். நரம்புகளுக்குரிய அடக்கத்தை அது நீக்கிவிடும். சிறு ஓசை கேட்டாலும் உடல் வில்லென வளையும். மூச்சுத்தசை இறுகி உயிர் பிரியும். இதனையே ஊக்கமருந்தென்று கருதி, 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் தோமஸ் ஹிக்ஸ் என்பவருக்குக் கொடுத்தனர். அவர் வென்றார், வென்றவுடன் சாய்ந்தார். நம் வைத்தியர்களோ கோமூத்திரம், பால், நெய் ஆகியவற்றாற் சுத்தி செய்த பின்னரே, அதனையும் அளவறிந்து வாத நோய்க்கு வழங்கினர்.

இனி ஒரு வியப்பைக் கூறுவோம். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றாமரமும் இதே இனத்தது. இதே உலர்வலயத்தில் வளர்வது. அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் சேறு அடியிற் படியும். ஒரு குலத்தில் ஒன்று கொல்கின்றது, மற்றொன்று தெளிவிக்கின்றது. இவற்றைப் பிரித்தறிந்ததே நம் முன்னோரின் அறிவு.

அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. காட்டுவழியில் பாட்டனார் பேரனுக்குக் காட்டியது. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் முதலிய ஊர்மக்கள் இடம்பெயர்ந்தனர். காட்டைப் பிரிந்து முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு மரத்தைக் காட்டுவார் யார்? அறியாத கை செம்பழத்தை நாடுமன்றோ?

ஆகவே இளைஞர்களே, முதியோர் இருக்கும்போதே அவர்களுடன் காட்டுவழி நடப்போம். மரங்களின் பெயரையும் குணத்தையும் எழுதிவைப்போம். நஞ்சை நஞ்சென்று அறிந்து, அடுத்த தலைமுறைக்கு உணர்த்துவதும் சிவத்தொண்டே.