புணையும் புனலும்

சங்கப் பாடல்களின் புனலாட்டை நீராடல் என்றே வகுப்பறையில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதற்குள் மிதத்தல் என்றொரு தனி விளையாட்டு இருந்தது. வேழக்கோல்களால் கட்டிய புணையைத் தழுவிக்கொண்டு, புதுவெள்ளம் இழுத்த திசையில் போய்க்கொண்டிருப்பது.

குறுந்தொகை 222, சிறைக்குடி ஆந்தையார் பாடியது. தோழி புணையின் முன்பக்கத்தைப் பிடித்தால் தலைவியும் அங்கே பிடிக்கிறாள். பின்பக்கம் என்றால் பின்பக்கம். தோழி புணையையே விட்டு நீரின் போக்கில் சென்றாலும் இவள் கூடவே போவாள் என்று தலைவனுக்குத் தோன்றுகிறது. தலைவியை அடையத் தோழியே வழி என்று அவன் கண்டுகொள்ளும் இடம் அது. எனக்கோ, இரு முனைகளுக்கும் தலைப்புணை, கடைப்புணை என்று பெயர் வழங்கியிருப்பதே இது எவ்வளவு பழகிய ஆட்டம் என்பதைக் காட்டிவிடுகிறது.

கணவனும் மனைவியும் ஊருக்கு வெளியே சென்று ஆற்றிலும் சோலையிலும் மகிழ்ந்திருப்பதைத் தொல்காப்பியக் கற்பியல் ஏற்கிறது. ஆனால் மருதப் பாடல்களில் புனலில் உடன் செல்பவள் பெரும்பாலும் பரத்தை. அகநானூறு 6-இல் பரணர் காட்டுவது உறந்தையை ஒட்டிய காவிரி. ஓடக்கோலும் நிலைகொள்ளாத ஆழம். அதில் நேற்று ஒருத்தியுடன் வேழப்புணை தழுவி ஆடியவன், இன்று வீடு வந்து இனிக்கப் பேசுகிறான். சொல்பவள் மனைவி. ஓரம்போகியார் ஐங்குறுநூற்றில் புனலாட்டுக்கென்றே பத்துப் பாடல்களை (71-80) ஒதுக்கினார். அங்கும் ஊடல்தான் மேலோங்குகிறது. மிதந்தவர்களின் இன்பம் பெரும்பாலும் கரையில் விடப்பட்டவளின் வாய்வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பரிபாடலில் இந்தக் கசப்பு திருவிழா ஆரவாரத்தில் கரைந்துபோகிறது. முழுமையாகக் கிடைத்த 22 பாடல்களில் 8 வையைக்குரியவை. ஆடுவோர் பூசிய சாந்தும் நறுமணமும் கலந்து நீரே மாறிவிட்டதென்று அந்தணர் கலங்கி நின்றதை 6-ஆம் பாடல் சொல்கிறது. ஆற்றுநீர் கெடுவது பற்றிய இத்தனை பழைய முறையீட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வெள்ளம் எல்லோரையும் கரைசேர்க்கவில்லை. கழார்த் துறையில் நடந்த புனல்விழாவில் ஆடிய ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோயிற்று. ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததைப் பரணர் திரும்பத் திரும்பப் பாடுகிறார், வெள்ளிவீதியாரும் பாடுகிறார். ஆதிமந்தியார் பெயரிலேயே ஒரு பாட்டு குறுந்தொகையில் (31) இருக்கிறது. மள்ளர் கூடும் விழாக்களிலும் மகளிர் ஆடும் துணங்கைகளிலும் அவள் அவனைத் தேடுகிறாள். ஆற்றைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.