பாதியில் நின்ற பதிவு: எஸ்கியூலைட் தரவுத்தளம் கணக்கைக் காப்பது எப்படி?

கோல சிலாங்கூர் வட்டார மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுத ஒரு காலத்தில் 555 புத்தகமே போதும். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகத்தில் தேதி, பொருள், தொகை மூன்றையும் எழுதி வைத்தால் சம்பள நாள் வரை அதுதான் சாட்சி. இப்போது அந்தக் கணக்கு கைப்பேசிக்கும் கடை மேசைக் கணினிக்கும் மாறி வருகிறது. அப்படிப்பட்ட பல செயலிகளுக்குள் கணக்கைத் தாங்கி நிற்பது எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளம்.

பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது. கைப்பேசியில் வாட்ஸ்அப் உரையாடல்கள் சேமிக்கப்படுவதும் எஸ்கியூலைட் கோப்பில்தான். பெரிய நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் போல் இதற்குத் தனி சர்வர் தேவையில்லை. மொத்தக் கணக்கும் சாதாரணமாக ஒரே கோப்பில் அடங்கிவிடும். கட்டணமும் இல்லை, உரிமமும் வாங்க வேண்டாம்.

இதை உருவாக்கியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருளில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் சேதம் ஏற்பட்டால் சமாளிக்க உதவும் மென்பொருள் அது. தரவுத்தள சர்வர் நின்றுபோனால் அதுவும் கையை விரித்துவிடும். சர்வரே வேண்டாத ஒரு தரவுத்தளம் இருந்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த முதல் பதிப்பில் இந்தக் கட்டுரை பேசும் பாதுகாப்பு கிடையாது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது.

அந்தப் பாதுகாப்புக்குப் பாட நூல்கள் தரும் பெயர் பரிவர்த்தனை. நம் வீட்டுப் பேச்சில் இருக்கும் ‘கொடுக்கல் வாங்கல்’ அதைவிடப் பொருத்தமான சொல். கொடுத்ததும் வாங்கியதும் சேர்ந்தால்தான் அது ஒரு கணக்கு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கடையில் ஒருவர் 35 வெள்ளி அரிசிப் பையைக் கடனுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி இரண்டு காரியம் செய்ய வேண்டும். இருப்பில் ஒரு பையைக் குறைக்க வேண்டும். அவர் பெயரில் 35 வெள்ளி ஏற்ற வேண்டும். முதல் காரியம் முடிந்து, இரண்டாவது தொடங்கும் முன் மின்சாரம் போய்விட்டால் பையும் இல்லை, கடனும் இல்லை. வரிசை மாறியிருந்தால் வாடிக்கையாளர் தலையில் வாங்காத அரிசிக்குக் கடன் விழும்.

இதைத் தடுக்க மூன்று கட்டளைகள் உள்ளன. ‘பிகின்’ என்றால் கொடுக்கல் வாங்கல் தொடங்குகிறது. ‘கமிட்’ என்றால் எல்லாம் சரி, நிலையாக எழுது. ‘ரோல்பேக்’ என்றால் எதுவும் வேண்டாம், பழையபடி விடு. பிகின் சொல்லாமல் எழுதினால் ஒவ்வொரு கட்டளையும் தனித்தனிப் பரிவர்த்தனையாகவே முடிந்துவிடும். மேலே சொன்ன அரிசிப் பைச் சிக்கல் வருவது அப்போதுதான்.

மலாய் மொழியில் பெனம்பாங் என்பது கூலிக்கு ஆட்களை ஆற்றைக் கடத்திவிடும் படகுக்காரரைக் குறிக்கும். பாலத்தில் ஏறி பாசிர் பெனம்பாங் போகிற நமக்கு இன்று அது வெறும் ஊர்ப் பெயர். ஆனால் பரிவர்த்தனைக்கு அந்தப் படகு நல்ல உதாரணம். ஆள் இந்தக் கரையில் இருக்கலாம், அந்தக் கரையில் இருக்கலாம், நடு ஆற்றில் விடக்கூடாது.

மின்சாரம் போன பிறகும் பழைய கணக்கு எப்படித் திரும்புகிறது? எஸ்கியூலைட் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு முன், அதன் பழைய வடிவத்தை ‘ஜர்னல்’ என்ற தனிக் கோப்பில் நகல் எடுத்து வைக்கிறது. அதன் பிறகே மூலக் கோப்பில் கை வைக்கிறது. எல்லாம் முடிந்ததும் ஜர்னலை நீக்குகிறது. ஜர்னல் மறையும் அந்தக் கணமே கமிட் நிறைவேறும் கணம். இடையில் கருவி அணைந்தால், அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது ஜர்னல் மிச்சம் இருப்பது தெரியும். பழைய பக்கங்கள் தானாக மீட்கப்படும். தரவுத்தளத்தின் பெயரோடு ‘ஜர்னல்’ என்று முடியும் கோப்பைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் மீட்கும் வழியும் போய்விடும். 2010 முதல் ‘வால்’ என்ற இன்னொரு முறையும் உண்டு. அதில் புதிய மாற்றங்கள் முதலில் தனிக் கோப்பில் சேர்கின்றன. ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம்.

பிழையைக் கவனிக்காத செயலி

இத்தனை இருந்தும் கணக்கு கெடுகிறதென்றால் பெரும்பாலும் அது தரவுத்தளத்தின் குற்றமாக இருக்காது. அது பிழை என்று சொன்னதைச் செயலி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செம்பனைத் தோட்டங்களில் குலைக் கணக்கைக் கையடக்கக் கருவியில் பதியும் இடங்கள் உண்டு. ஒரு தொழிலாளி 84 குலை வெட்டியிருக்கிறார். அவர் எண் 147. கருவி முதலில் அந்தப் பகுதியின் மொத்தத்தில் 84ஐக் கூட்டுகிறது. அடுத்து தொழிலாளியின் பெயரில் 84ஐ ஏற்ற வேண்டும். அவசரத்தில் எண் 1477 என்று அழுத்தப்பட்டுவிட்டது. அப்படி ஓர் ஆள் இல்லை. தரவுத்தளம் அந்தப் பதிவை மறுத்துப் பிழை சொல்கிறது.

பலர் தவறாக எண்ணும் இடம் இதுதான். இந்த வகைப் பிழையில் எஸ்கியூலைட் மொத்தப் பரிவர்த்தனையையும் ரத்து செய்வதில்லை. மறுக்கப்பட்ட அந்த ஒரு கட்டளை மட்டும் விழுகிறது. முன்பு கூட்டிய 84 அப்படியே காத்திருக்கிறது. பிழையைப் பார்க்காமல் செயலி அடுத்த வரிக்குப் போய் கமிட் கொடுத்தால் பகுதியின் மொத்தம் ஏறும், தொழிலாளியின் கணக்கு ஏறாது. ஆலைக்குப் போன எடையும் பகுதிக் கணக்கும் ஒத்துப்போகும் என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. சம்பளச் சீட்டைப் பார்க்கும் அந்தத் தொழிலாளிக்கு மட்டுமே குறை தெரியும். அவர் கையில் ஆதாரமும் இருக்காது.

இன்னொரு வழியிலும் இதே இழப்பு வரும். ஆள் பட்டியலில் இல்லாத எண்ணை மறுக்கும் சோதனைக்கு ‘அயல் சாவி’ என்று பெயர். பழைய செயலிகள் தடுமாறக்கூடாது என்பதற்காக எஸ்கியூலைட் இதை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ‘பிரக்மா ஃபாரின் கீஸ்’ கட்டளையால் இயக்க வேண்டும். மறந்துவிட்டால் 84 குலையும் இல்லாத 1477ஆம் ஆளின் பெயரில் சத்தமில்லாமல் பதிவாகும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தாலும் எஸ்கியூலைட் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். 2021இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ அட்டவணை இதைத் தடுக்கிறது. புதிதாகச் செயலி எழுதுகிறவர்கள் இதைப் பயன்படுத்தாமல் இருக்கக் காரணமே இல்லை.

மற்றப் பிழைகளில் அடிக்கடி வருவது ‘பிஸி’. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இன்னொருவர் எழுத வந்தால், காத்திருக்கும் நேரத்தை நாம் குறிக்காவிட்டால், உடனே பிஸி என்று திருப்பி அனுப்பிவிடும். ‘பிஸி டைம்அவுட்’டை 5,000 மில்லி விநாடி, அதாவது 5 விநாடி என்று வைத்தால் பெரும்பாலான தொல்லை தீரும். எழுதத்தான் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் ‘பிகின் இம்மீடியட்’ என்று தொடங்குவது நல்லது. முதலில் படித்துவிட்டு நடுவில் எழுத இடம் கேட்டால், எவ்வளவு காத்தாலும் பயனில்லாத நிலை வரக்கூடும்.

சேமிப்பிடம் நிரம்பினால் ‘ஃபுல்’ என்ற பிழை வரும். பண்டிகைக் காணொளிகளால் நிரம்பிய கைப்பேசியில் கடைக் கணக்கும் இருந்தால் இது நடக்கக்கூடியதே. இந்த வகைப் பிழையில் பரிவர்த்தனை முழுவதும் தானாகவே ரத்தாகலாம், ஆகாமலும் போகலாம். அதனால் எந்தப் பிழை வந்தாலும் செயலியே ரோல்பேக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. ஏற்கெனவே ரத்தாகியிருந்தால் அந்த ரோல்பேக் இன்னொரு பிழையைக் காட்டும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

கமிட்டே தோற்பதும் உண்டு. எனவே கமிட் வெற்றி என்று பதில் வந்த பிறகுதான் திரையில் ‘பதிவானது’ என்று காட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் வெற்றி என்று நாமே குறிக்காவிட்டால் பரிவர்த்தனை முடியும்போது ரத்தாகிவிடும். பைத்தானில் இணைப்பை ‘வித்’ கட்டமைப்புக்குள் வைத்தால், உள்ளே பிழை எழும்போது ரோல்பேக், இல்லையென்றால் கமிட் என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

பரிவர்த்தனை வேகத்துக்கும் உதவுகிறது. சாதாரண மேசைக் கணினியில் எஸ்கியூலைட் விநாடிக்கு 50,000 வரிகளைக்கூடச் சேர்க்கும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக கமிட் செய்தால், பழைய சுழல் வட்டில் விநாடிக்குச் சுமார் 60தான். ஒரு நாள் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே பிகினுக்கும் கமிட்டுக்கும் இடையில் வைப்பது நல்லது.

நகல் எடுப்பதிலும் கவனம் வேண்டும். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை மட்டும் விரலியில் இழுத்துப் போட்டால் பாதி மாறிய நகல் கிடைக்கலாம். ‘வேக்கும் இன்டு’ கட்டளையோ, எஸ்கியூலைட்டின் சொந்த நகல் வசதியோ முழுமையான பிரதியைத் தரும்.

கடைக்கோ ஆலயத்துக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ செயலி எழுதித் தரும் இளைஞர்கள், ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதல் பதிவுக்கும் இரண்டாம் பதிவுக்கும் இடையில் செயலியைச் சில விநாடி நிறுத்தி வைத்து, அந்த நேரத்தில் கணினியின் மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். மறுபடி திறந்ததும் இருப்பும் கடனும் பழைய நிலையிலேயே இருக்க வேண்டும். அடுத்து, பட்டியலில் இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்து, திரை என்ன சொல்கிறது, மொத்தம் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.