காயலான் கடைக்குப் போகாத முகங்கள்



"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஓட்டை வாளியைக் கொடுத்தால் கை நிறையப் பழம். வாளி அதன்பிறகு என்ன ஆயிற்று என்று நாம் கேட்டதில்லை. இன்று நம் பரணில் வாளி இல்லை. செத்துப்போன மடிக்கணினி, கேசட் பெட்டி, ஃபிளாப்பி, மூன்று தலைமுறை செல்போன் சார்ஜர்கள் இருக்கின்றன. இப்படிக் காலம் முடிந்த கருவிகளை வைத்து மனித முகங்களைச் செய்யும் ஒரு கலை உலகில் வளர்ந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. தொடங்குவதற்கு வெகுதூரம் போக வேண்டாம், மாமல்லபுரம் வரை வாருங்கள்.

அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஆதிவராகர் குகைக்குப் போவதில்லை. அங்கே எதிரெதிராக இரண்டு அரசர் சிற்பங்கள் உள்ளன. ஒருவர் அமர்ந்திருக்க, இரு பக்கமும் அரசியர் நிற்கிறார்கள். மற்றவர் நின்றபடி ஓர் அரசியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார். மறு கை கருவறைப் பக்கம் நீள்கிறது. தமிழகத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அரச உருவச் சிற்பங்களில் இவையும் அடங்கும். மேலே கிரந்த எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது: ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரர். எந்த மகேந்திரர் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. காரணம் எளிது. முகங்கள் ஒரு மனிதனின் சாயலைக் காட்டவில்லை, அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அதைக் காட்டுகின்றன. பெயரைக் கையால் மறைத்துவிட்டால் அவர் யாரோ ஒரு ராஜா. அங்கே ஆளைச் சொல்வது முகமல்ல, மேலே இருக்கும் எழுத்துதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கல் விஷயம் அப்படி. உலோகத்தின் கதை வேறு. உலோகத்தை மறுபடி பயன்படுத்துவது நமக்குப் புதிதே அல்ல. பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதியது வாங்காத வீடு உண்டா? கோயிலுக்குச் சிலை வார்க்கும்போது பக்தர்கள் தங்கள் பொன்னையோ வெள்ளியையோ உருக்கில் இடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் உருக்கிய பிறகு எது யாருடைய மோதிரம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. உருக்கும்போது பொருளின் பழைய பிறவி அழிந்துவிடுகிறது. பக்திக்கு அது பொருத்தம்தான்.

உருக்காமல் ஒட்டும் வேலையைப் பார்க்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் திரும்ப வேண்டும். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அன்று அது செங்கல்பட்டு மாவட்டம். இன்று சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றே இவர்கள் காலூன்றினார்கள். அங்கிருந்த பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, பற்றவைத்து உருவங்கள் செய்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் அப்படியே இணைத்தார். இவர்கள் பழைய கருவிகளைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஆனால் ஒட்டும் தெரிய வேண்டும், தகடும் தகடாகவே தெரிய வேண்டும் என்ற துணிவு இல்லாமல் அடுத்து வந்த கலை வந்திருக்காது.

அந்த அடுத்த அடியை வைத்தவர்களில் முக்கியமானவர் சியோலில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நாம் ஜுன் பைக். 1986-இல் அவர் 'ரோபோ குடும்பம்' என்று ஒரு வரிசை செய்தார். தாத்தா பாட்டிக்கு மரப்பெட்டி வைத்த பழைய வானொலிகள், பெற்றோருக்கு அதற்கடுத்த காலத்துப் பெட்டிகள், பிள்ளைகளுக்குப் புதிய தொலைக்காட்சிகள். எந்தப் பெட்டி எந்தக் காலத்தது என்று தெரிந்தால் போதும், யாருக்கு என்ன வயது என்று தெரிந்துவிடும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மர்ஃபி வானொலியைப் பார்த்தாலே தாத்தா ஞாபகம் வருகிறவர்கள்தானே நாம்?

எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் ஓவியர் நிக் ஜென்ட்ரியின் வேலை. ஃபிளாப்பிகளை ஓடு பதிப்பதுபோல் வரிசையாக ஒட்டி, அதன்மேல் முகம் தீட்டுகிறார். மூன்றரை அங்குல ஃபிளாப்பியை சோனி 1981-இல் கொண்டுவந்தது. 2011-இல் விற்பனையை நிறுத்தியது. கொள்ளளவு 1.44 எம்பி. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. அதன் முதுகில் இருக்கும் வட்ட உலோகத்தை ஜென்ட்ரி முகத்தின் கண்ணாக வைப்பார். ஃபிளாப்பிகள் பலவற்றை மக்களே அவருக்கு அனுப்பிவைக்கிறார்கள். மேலே ஒட்டிய சீட்டுகளையும் அவர் கிழிப்பதில்லை. கணக்கு, கடிதம் என்று யாரோ கையால் எழுதியது நெற்றியிலும் கன்னத்திலும் அப்படியே கிடக்கிறது. ஆதிவராகர் குகையில் எழுத்து ஒரே ஒருவரின் பெயரைச் சொன்னது. இங்கே ஒரு முகத்துக்குள் முகம் தெரியாத பலரின் கையெழுத்து. அரசனுக்கு இருந்த இடம் கணக்கெழுதியவருக்கும் கிடைத்திருக்கிறது.

கேசட்டையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் எரிகா ஐரிஸ் சிம்மன்ஸ் நாடாவை உருவி வளைத்து ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்ற இசைக்கலைஞர்களின் முகங்களை வரைந்தார். பெட்டிக்குள்ளிருந்து குரல் முகமாக வெளியே வருவதுபோல் இருக்கும். 60, 90 நிமிடக் கேசட்டில் ராஜா பாட்டுகளைப் பதியச் சொல்லி ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவர்களுக்கு அந்த நாடா என்ன செய்யும் என்று தெரியும்.

நம் பக்கத்து பெங்களூரில் விஸ்வநாத் மல்லாபாடி தாவணகெரே மதர்போர்டு, கீபோர்டு பொத்தான் முதலியவற்றைக் கொண்டு உருவங்கள் செய்துவருகிறார்.

இதே கலைக்கு அரசியல் முகமும் உண்டு. 2005-இல் லண்டன் தேம்ஸ் கரையில் 'வீ மேன்' என்ற 7 மீட்டர் உயர உருவத்தை நிறுத்தினார்கள். எடை சுமார் 3.3 டன். ஒரு பிரிட்டன்வாசி வாழ்நாளில் தூக்கியெறியும் மின் சாதனங்களின் மதிப்பீடு அது. வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் மவுஸ் எல்லாம் சேர்ந்த ஒரே ஆள்! 2021-இல் ஜி-7 மாநாடு நடந்த கார்ன்வாலில் ஏழு நாட்டுத் தலைவர்களின் தலைகளை மின் கழிவிலேயே செய்து வைத்தார் ஜோ ரஷ். மாமல்லபுரத்து அரசர்களுக்கு இருந்த மரியாதை இவர்களுக்கு அங்கே கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கலை கழிவைத் தீர்க்காது. ஒரு படம் எத்தனை ஃபிளாப்பியைத்தான் விழுங்கும்? ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று பாருங்கள்: செம்புக்காகத் திறந்த வெளியில் வயரைக் கொளுத்தும் இடத்துக்கு, தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை அமிலத்தில் முக்கும் கைகளுக்கு. அந்தப் புகையைச் சுவாசிப்பவரின் முகத்தை யாரும் வரைந்து வைப்பதில்லை. பழைய ராஜபாட்டைகளைச் சுற்றி இன்று மென்பொருள் அலுவலகங்கள் வந்துவிட்ட நம் மாவட்டத்தில், சில ஆண்டுக்கொருமுறை கணினி மாற்றும் வீடுகள் நம் குடியிருப்பிலேயே எத்தனை!

எனவே பரணை ஒழிக்கும்போது சில வேலைகள். பழைய டிவியின் குழாயைப் பிள்ளைகள் உடைத்துப் பார்க்க விடாதீர்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உப்பிய பேட்டரியைத் தனியாக எடுத்து வையுங்கள். போனையும் ஹார்ட் டிஸ்கையும் அழித்த பிறகே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

அதற்கு முன் சீட்டுகளைப் படியுங்கள். அப்பாவின் கையெழுத்தில் 'வீட்டுக் கணக்கு 1998' என்று ஒரு ஃபிளாப்பி கிடைக்கலாம். யு.எஸ்.பி.யில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் இன்னும் விற்கிறது. கேசட் என்றால் இன்னும் எளிது: தளர்ந்த நாடாவை ஒரு பென்சிலால் சுற்றி இறுக்கிவிட்டு, ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். யாருடைய குரல் இருக்கிறது என்று கேட்ட பிறகு எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம்.