தன் கையே தனக்குதவி: ட்ராபான்ட் காரின் கதை

சொந்தமாகக் கார் ரிப்பேர் பார்ப்பது என்றாலே ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு என்றுதான் நமக்குத் தோன்றும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி இரண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு உள்ளே போய் டீ குடிப்பது. ஆனால் ஒரு முழு நாடே வேறு வழியில்லாமல் மெக்கானிக் ஆன கதை ஒன்று உண்டு. நாடு, கிழக்கு ஜெர்மனி. கார், ட்ராபான்ட். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'ட்ராபி' என்பார்கள்.

1957ல் ஸ்விக்காவ் என்ற நகரத்தில் இதன் உற்பத்தி ஆரம்பித்தது. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அதே வருடம்தான். ட்ராபான்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்குத் துணைக்கோள் என்றும் பொருள் உண்டு. பெயர் வானத்தில் இருந்தாலும் கையில் காசில்லை, இரும்பும் இல்லை. போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்ததில் தகடு உருட்டும் ஆலைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கம் போய்விட்டன. அதனால் காரின் வெளித்தோலை டியூரோபிளாஸ்ட் என்ற பொருளால் செய்தார்கள். சோவியத்திலிருந்து வந்த பருத்திக் கழிவையும் ஃபீனால் பிசினையும் சேர்த்து சூட்டில் அழுத்தினால் கிடைக்கும் பலகை அது. துரு பிடிக்காது. இடித்தால் தகரம் மாதிரி நசுங்காது, விரியும். தட்டி நிமிர்த்த முடியாது, வேறு பலகைதான் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் சட்டம் மட்டும் இரும்பு. அது சத்தமில்லாமல் துரு பிடித்துக்கொண்டே இருக்கும் :-)

இந்தக் காரை எந்த ஷோரூமிலும் போய் வாங்கிவிட முடியாது. பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1980களில் இந்தக் காத்திருப்பு பத்து வருடத்துக்கும் மேல், பல இடங்களில் பதிமூன்று, பதினைந்து வருடம். 18 வயதானதும் முதல் வேலையாகப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். கார் ஓட்டத் தெரியாத பாட்டி பெயரிலும் ஒரு பதிவு இருக்கும். வரிசையில் முன்னால் இருக்கும் பதிவுக்கே தனியாக ஒரு விலை இருந்தது. பதிவுச் சீட்டைக் கைமாற்றிக் காசு பார்த்தவர்கள் உண்டு.

பி.காம். படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தேய்மானம் என்று ஒரு பாடம் வருமே, வாங்கிய நாளிலிருந்து சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறையும் என்று. ட்ராபியில் அந்தக் கணக்கு தலைகீழ். சில வருடம் ஓட்டிய பழைய கார், புதுக் காரை விட அதிக விலைக்குப் போனது. காரணம் எளிது. புதுக் காருக்கு அரசு வைத்த விலை, ஆனால் கைக்கு வராது. பழைய காரை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். வாங்குகிறவன் காரோடு சேர்த்துப் பத்து வருடக் காத்திருப்பையும் விலைக்கு வாங்கினான். ஸ்ட்ரெயிட் லைன் மெத்தட்டில் இதை எப்படிக் காட்டுவது என்று யாராவது சொன்னால் தேவலை.

கையில் இருக்கும் காரை விட்டால் இன்னொன்று வர பத்து வருடம் என்றால் என்ன செய்வீர்கள்? சாகவிட மாட்டீர்கள். அதைத்தான் அவர்களும் செய்தார்கள். 'எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது?' என்ற பொருள் வரும் தலைப்பில் கிழக்கு பெர்லினின் அரசுப் பதிப்பகம் ஒன்று கார் ரிப்பேர் புத்தக வரிசையே வெளியிட்டது. ட்ராபிக்கு ஒன்று, வார்ட்புர்க் காருக்கு ஒன்று என்று தனித்தனியாக. தன் கையே தனக்குதவி என்பதை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. 600 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் எஞ்சின், 26 குதிரைத்திறன். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். வால்வு கிடையாது, அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம். எஞ்சினில் முக்கியமாக அசையும் பாகங்கள் ஐந்துதான் என்று பெருமையாகச் சொல்வார்கள்: இரண்டு பிஸ்டன், இரண்டு கனெக்டிங் ராடு, ஒரு கிராங்க். பெட்ரோல் டேங்க் பானெட்டுக்குள் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும், பம்ப் எதற்கு? பெரும்பாலான மாடல்களில் பெட்ரோல் முள்ளும் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்க்க வேண்டியதுதான். நம்மூர் பழைய ஸ்கூட்டர் மாதிரி பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். முதலில் 33 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், 1970களில் அது 50க்கு ஒன்றாகக் குறைந்தது. அந்த நீலப் புகையும் நாற்றமும் இதனால் வந்ததுதான். எஞ்சினைக் கழற்ற வேண்டுமானால் கிரேன் எல்லாம் தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி வெளியே வைத்துவிடலாம்.

ஃபேன் பெல்ட் அறுந்துபோனால் நைலான் ஸ்டாக்கிங்கை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேரலாம் என்பது இன்னொரு பிரபலமான கதை. எத்தனை பேர் நிஜமாகவே கட்டினார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் எல்லாரும் சொல்வார்கள்.

சரி, ரிப்பேர் பண்ணத் தெரியும், புத்தகமும் இருக்கிறது. ஸ்பேர் எங்கே? கதையின் கஷ்டமான பகுதி இதுதான். திட்டக் கமிஷனுக்குப் புதுக் கார் எண்ணிக்கைதான் கண்ணில் பட்டது, சைலன்ஸர் எண்ணிக்கை யார் கண்ணிலும் படவில்லை. கடையில் பொருள் வந்தால் அலமாரிக்கு வராது, கல்லாவுக்குக் கீழே போய்விடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'குனிந்து எடுக்கும் சரக்கு'. தெரிந்த முகம் வந்தால் கடைக்காரர் குனிவார். இப்படி ஆள் தெரிந்திருப்பதற்கு 'வைட்டமின் பி' என்று பெயர். தொடர்புக்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. மேற்கு ஜெர்மன் மார்க் கையில் இருந்தால் வைட்டமின் கூட வேண்டாம். 100 மார்க் நோட்டு நீல நிறம் என்பதால் பத்திரிகை வரி விளம்பரங்களில் 'நீல டைல்ஸ் தருகிறேன்' என்று போடுவார்களாம். வீடு கட்டுகிற ஆசையில் போட்ட விளம்பரம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

மேற்கில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் விசேஷம். கெனெக்ஸ் என்ற அரசு நிறுவனம் ஒன்று இருந்தது. மேற்கு ஜெர்மனியில் இருக்கும் மாமா அங்கே மார்க்கில் பணம் கட்டினால், இங்கே இருக்கும் மருமகனுக்கு வரிசை இல்லாமல் கார் வந்துவிடும். சமத்துவ நாட்டில் அந்நியச் செலாவணிக்குத் தனி வாசல்!

எனவே கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வைத்தார்கள். தேவையோ இல்லையோ, கிடைக்கும்போது வாங்கு. தன் வண்டிக்குப் பொருந்தாத பாகமாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் 1980ல் பற்றாக்குறைப் பொருளாதாரம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பற்றாக்குறை பதுக்கலை வளர்க்கும், பதுக்கல் பற்றாக்குறையை வளர்க்கும் என்பது அதன் முக்கியமான வாதங்களில் ஒன்று. அவர் பேசியது பெரும்பாலும் தொழிற்சாலைகளைப் பற்றி. ஆனால் வீட்டு நிலவறையில் மூன்று கார்புரேட்டரும் நான்கு பிரேக் டிரம்மும் அடுக்கி வைத்திருந்த குடும்பஸ்தனுக்கும் அதே கணக்குதான். அவன் கெட்டவன் இல்லை. அவன் நிலவறையில் தூங்கும் நான்காவது டிரம் இன்னொருவன் காரை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.

இப்போது இணையத்தில் ட்ராபியைப் பற்றிப் படித்தால் ஒரே ஏக்கமாக இருக்கிறது. 'அந்தக் காலத்தில் எல்லாம் ரிப்பேர் பண்ண முடிந்தது, இப்போது பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது' என்று. இதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ராபி ஏன் அவ்வளவு எளிமையாகவே இருந்தது என்பதையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்? ஸ்விக்காவ் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1960களின் நடுவில் பி 603 என்று பின்கதவு வைத்த நவீன கார் ஒன்றைச் செய்தார்கள். 1968ல் கட்சித் தலைமை அதை நிறுத்தச் சொன்னது. 1970களில் பி 610 என்று இன்னொன்று. அதுவும் 1979ல் நிறுத்தப்பட்டது. விளைவாக 1964ல் வந்த ட்ராபான்ட் 601, 1990 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் ஓடியது. எழுபதில் வந்த பாகம் எண்பதில் வந்த காருக்குப் பெரும்பாலும் பொருந்தியது என்று ரசிகர்கள் மெச்சுவது இதனால் வந்த வசதி. யாரும் யோசித்துக் கொடுத்த வசதி இல்லை. அந்த எளிமைக்கான விலையை மக்கள் தங்கள் சனி, ஞாயிறுகளில் கட்டினார்கள்.

அவர்களே இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு 1989 செப்டம்பரைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரத்துக்குப் போய் மேற்கு ஜெர்மனித் தூதரகத்தின் சுவர் ஏறிக் குதித்தார்கள். வந்த ட்ராபிகளைத் தெருவிலேயே விட்டுவிட்டார்கள். பல வருடம் காத்திருந்து வாங்கி, பிளக்கும் பாயிண்ட்டும் தாங்களே பார்த்துப் பார்த்து ஓட்டிய வண்டிகள். செப்டம்பர் 30ந் தேதி மேற்கு ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் தூதரகப் பால்கனியில் நின்று அவர்கள் மேற்கே போகலாம் என்று அறிவித்தார். ரயிலில் போனார்கள். கார்களுக்காக யாரும் திரும்பி வந்த மாதிரி தெரியவில்லை. செக் சிற்பி டேவிட் செர்னி அடுத்த வருடம் நான்கு கால் முளைத்த ட்ராபி ஒன்றைச் சிற்பமாகச் செய்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நவம்பர் 9ல் பெர்லின் சுவர் திறந்தது. 1990 ஜூலை 1ல் மேற்கின் மார்க் கிழக்குக்கும் வந்தது. மேற்கின் பழைய கோல்ஃப் கார்களும் கூடவே வந்தன. பொக்கிஷமாக இருந்த ட்ராபியை ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. கடைசி முயற்சியாக ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.05 லிட்டர் எஞ்சினை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1991 ஏப்ரல் 30ல் உற்பத்தி நின்றது. அதுவரை செய்தது 30 லட்சத்துக்கும் மேல்.

வீசியது போக மிச்சம் இருப்பவை இன்னும் ஓடுகின்றன. 2020களில் ஜெர்மனியில் பதிவில் இருந்த ட்ராபிகள் 35,000க்கும் மேல். இப்போது அவற்றுக்குப் பாகம் கிடைப்பதில் பிரச்சினையே இல்லை. புதிதாகச் செய்தே விற்கிறார்கள், தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் மக்கள் கூட்டாகச் சேர்ந்து, செங்கல் தேடி, தாங்களே கட்டிக்கொண்ட வரிசை வரிசையான கராஜ்களும் பல ஊர்களில் அப்படியே நிற்கின்றன. ஸ்விக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெம்னிட்ஸ் நகரம் 2025ல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாக இருந்தபோது, '3000 கராஜ்கள்' என்று ஒரு திட்டமே போட்டு அந்தக் கதவுகளைத் திறந்து காட்டினார்கள்.